கமர் நிஷா காரை விற்கவில்லை

மேலப்பாளையத்தில் ஒரு பெண்பிள்ளையின் கார் மக்கர் பண்ணினால் வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? டீ ஆற்றுகிறவர் ஒரு வைத்தியர், ஆட்டோ ஸ்டாண்டில் கால்மேல் கால் போட்டுக் கிடப்பவர் ஒரு வைத்தியர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பக்கத்து வீட்டு மாமா பெரிய வைத்தியர். ஆனால் கமர் நிஷாவின் காருக்கு இத்தனை வைத்தியர்களும் கூடி எழுதிக் கொடுத்தது ஒரே மருந்துதான். வித்துப்போடு! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறதே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

கமர் நிஷா நாற்பதைத் தாண்டியவள். சின்னப் பிள்ளையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனது. அந்தக் கால் தரையில் ஊன்றும், ஆனால் அழுத்தாது. க்ளச்சை மிதிக்கச் சொன்னால் அது பாட்டுக்கு நழுவிக்கொண்டு போகும். ஆகவே அவளுக்கு வாய்த்தது ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுதான். அதில் க்ளச் கிடையாது, கியரை வண்டியே பார்த்து மாற்றிக்கொள்ளும், வலது கால் ஒன்று நன்றாக இருந்தால் போதும். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி அவள் காலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றாராம். "நல்லா நடக்க முடிஞ்சா நான் எதுக்கு சார் கார் ஓட்டப் படிக்கேன்?" என்று கேட்டுவிட்டாள். வாய்க்கு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் காய்ச்சல் வந்ததில்லை.

பாவாடை கட்டுகிற வயதில் பீடி சுற்றினாள். பிறகு தையல். மோட்டார் வைத்த மெஷின் வாங்கி, வலது காலாலேயே அழுத்தி, புர்கா தைக்கப் பழகினாள். கையிலும் கழுத்திலும் அவள் போடுகிற பூவேலையைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். வாடிக்கை முழுக்கக் காயல்பட்டினத்தில். அந்த ஊரில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று சந்துகள் உண்டு. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வருகிற வழி அது. அன்னிய ஆம்பிளை அதற்குள் கால் வைக்க மாட்டான். கமர் நிஷாவின் வியாபாரம் அந்த முடுக்குக்குள்தான். பின்வாசலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரிப்பாள். நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். போட்டுப் பார்ப்பார்கள், கேலி பேசுவார்கள், அளவு கொடுப்பார்கள், கல்யாணத்துக்கு இன்ன நிறத்தில் வேண்டும் என்று சொல்வார்கள்.

கார் வாங்குகிறதுக்கு முன்னால் அந்த ஊருக்குப் போவதென்றால் பெரும் பாடு. இன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்ற சின்னாப்பா, வாப்பாவின் தம்பி, வரமாட்டார். ஆட்டோக்காரர் தொழுகை முடியட்டும் என்பார். பஸ்ஸில் மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் முறைப்பார். செகண்ட்ஸில் அந்தக் காரை வாங்கித் தன் பேரில் பதிந்த நாளிலிருந்து யார் முகத்தையும் பார்க்க வேண்டியது இல்லாமல் போனது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று ஆற்றோரத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, தான் உண்டு தன் ஸ்டியரிங் உண்டு என்று போய்வந்தாள்.

அந்த வண்டிதான் ஜங்ஷன் மேம்பாலத்தில் மானத்தை வாங்கியது. டவுனுக்கு லேஸும் நூலும் வாங்கப் புறப்பட்டவள் ஏற்றத்தில் மிதிக்கிறாள். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தால் இன்னும் உறுமுகிறது, அவ்வளவுதான். கியர் பிடிக்காமல் வழுக்குகிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தின கையை எடுக்கவில்லை. வண்டி பின்னோக்கி நழுவ, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ நாலு பேர் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். தள்ளினவர்களில் ஒருவர், "பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளின கைக்கு நன்றி சொல்வதா, பேசின வாயில் மண்ணைப் போடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கம்பெனி ஷோரூமில் கொண்டுபோய்க் காட்டினாள். அடியில்கூடக் குனிந்து பார்க்காமல், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு அந்த மாதிரி இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

அப்போது அவளுடைய தம்பி சதாம் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். வாப்பா மவுத்தாகிக் கண்மூடிய பிறகு வீட்டுக்கு ஆம்பிளை அவன்தான். நல்ல பையன், அக்காள்மேல் உயிரை வைத்திருப்பவன். உயிரை வைத்திருக்கிறவர்களோடுதான் மல்லுக்கட்டு அதிகம்.

"லாத்தா, இது சரிப்பட்டு வராது. வண்டிய தள்ளிவிட்டுருவோம்" என்றான்.

"தள்ளிவிட்டுட்டு? காயல்பட்டினத்துக்கு நான் நீந்தியா போவேன்?"

"நீ ஏன் அலையுத? இங்கன இருந்து தைச்சுப் போடு. சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கதுக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணுதேன்."

ஏற்பாடு! சொன்னதோடு நிற்காமல் மறுநாளே ஒரு நண்பன் காரில் மூட்டையைப் போட்டுக்கொண்டு காயல்பட்டினம் போய்விட்டான். முடுக்கு வாசல்வரைக்கும் போனான். அதற்குமேல் எப்படிப் போக? அங்கேயே நின்று, "லாத்தாமாரே, புர்கா வந்திருக்கு" என்று குரல் கொடுத்திருக்கிறான். ஆம்பிளைக் குரலைக் கேட்டதும் திறந்திருந்த பின்கதவுகளும் சாத்திக்கொண்டன. சற்று நேரத்தில் கமர் நிஷாவுக்குப் போன் வந்தது. பேசியது அவளுடைய பழைய வாடிக்கை ஜுபைதா பீவி.

"ஏம்மா கமரு, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உன் தம்பிய மூட்டையோட தெருமுனையில நிப்பாட்டி வச்சிருக்கியே. நாங்க என்ன, அவன்கிட்டயா மார்பளவு குடுக்க?"

சதாம் மூட்டையை மெயின்ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் போட்டுவிட்டு, அதையே சாதனையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்வாராம், மாதாமாதம் கணக்கைச் சதாமோடு போனில் பேசிக்கொள்வாராம், கமர் நிஷா தைத்தால் போதுமாம். அதாவது அவள் மறுபடியும் ஜன்னலுக்கு உள்ளே, மெஷினுக்கு முன்னால். யாருக்குத் தைக்கிறோம், அது அவர்களுக்குப் பிடித்ததா என்று ஒன்றும் தெரியாமல் சாகிறவரைக்கும் தைத்துக்கொண்டே இருக்க வேண்டியது. நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம்தான் மறுநாள் காலையில் சாவியை எடுக்க வைத்தது.

வழுக்குகிற வண்டியைப் பைய உருட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனாள். அங்கே சங்கிலிபூதத்தான் என்று ஒரு மெக்கானிக். பிரேக்கும் டயரும் அவரிடம்தான் பார்ப்பது வழக்கம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர், இறங்கிக் கும்பிடே போட்டுவிட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிடாத. சாதா கியர்பாக்ஸுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கழத்திருவேன். ஆட்டோமேட்டிக்குன்னா எனக்குக் கை நடுங்கும். முன்ன ஒருத்தருக்குத் திறந்து, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டிங்குத கதையாப் போச்சு. அந்த ஏச்சு இன்னும் காதுல கிடக்கு."

"என் சங்கு சும்மா கிடக்கலையே அண்ணாச்சி, ஏற்கனவே கெட்டுத்தானே கிடக்கு? இனிமே நீங்க எங்கன போயி அதைக் கெடுக்க?"

"கெட்டுப்போச்சுன்னா என்னையச் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். பழி என் தலையில. தட்டைக் கழத்துங்க, உள்ள என்னதான் கிடக்குன்னு பாப்போம்."

அவர் முனகிக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற தட்டு ஒன்று உண்டு. அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றுகிற ஆயில் ரோஸ்மில்க் எசன்ஸ் சிவப்பில், தண்ணீர் மாதிரி ஓட வேண்டியது. வந்ததோ கருப்பட்டிப் பாகு நிறத்தில், கொழகொழவென்று. கூடவே அழுகின முட்டை நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது.

"என்ன எழவு நாத்தம் இது!" என்று மூக்கைப் பொத்தினார் சங்கிலிபூதத்தான். "லாரி கியர் ஆயில்லா இது! இதுக்குள்ள இதை எவன் ஊத்துனான்?"

எவன் ஊற்றினான் என்று கமர் நிஷாவுக்குத் தெரியும். சவூதியிலிருந்து கார்கோவில் வந்த பெட்டியைப் பிரிக்கிற நாள் மேலப்பாளையத்து வீடுகளில் ஒரு சின்னப் பெருநாள். சோப்பும் அத்தரும் தைலமும் கம்பளியும் பேரீச்சம்பழமும் வெளியே வரும், ஆளுக்கு ஒன்று. இந்த லீவுக்கு வந்ததும், மேம்பாலத்தில் வண்டி நிற்பதற்குச் சில நாள் முன்னால், சதாம், "இது லாத்தாவுக்கு, ஸ்பெஷல்" என்று பெரிய டப்பா ஒன்றைத் தூக்கி வைத்தான். கியர் ஆயில். பாலைவனத்தில் அவனுடைய லாரி அதைக் குடித்துத்தான் ஓடுகிறது. அன்றைக்கே அவன் காருக்கடியில் படுத்து, பழைய எண்ணெயை வடித்துவிட்டு, டப்பாவைக் கவிழ்த்தான். வெளிநாட்டுச் சாமான் தப்பாக இருக்கும் என்று அந்தத் தெருவில் யாருக்குத் தோன்றும்? அடுத்த வீட்டுக்காரர்கள் நின்று பார்த்து, "கொடுத்துவச்ச அக்கா" என்றார்கள். லாரி கியருக்குக் கெட்டியான எண்ணெய் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியரோ எண்ணெயின் அழுத்தத்தாலேயே பிடிக்கிறது. அதில் கெட்டி எண்ணெயை விட்டால் பிடிக்க வேண்டிய தகடுகள் பிடிக்காது. இது ஆட்டோமேட்டிக்கையே தொட்டிராத லாரி டிரைவருக்கும் தெரியவில்லை, அவன் கையை நம்பின அக்காளுக்கும் தெரியவில்லை.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. அவன் வேண்டுமென்றே செய்திருந்தால் நாலு அறை விட்டிருக்கலாம். ஆசையாய்ச் செய்தவனை என்ன செய்ய? வண்டியைக் கெடுத்தவனே வண்டி கெட்டது, விற்றுவிடு என்று நிற்கிறான் என்பதை நினைத்தபோது அழுகை நின்றுவிட்டது, ஆத்திரம் மட்டும் இருந்தது.

"எங்க வீட்டு ஆளுதான் அண்ணாச்சி ஊத்துனது. இப்ப சொல்லுங்க, பொழைக்குமா?"

சங்கிலிபூதத்தான் இரும்புத் தூளைப் பிடிப்பதற்காகத் தட்டுக்குள் வைத்திருக்கிற காந்தத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மை மாதிரி கருப்புப் பசைதான் ஒட்டியிருந்தது. இரும்புத் துண்டு, கியர் பல் உடைந்த சிலாம்பு ஒன்றுமில்லை. முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. "உள்ள எதுவும் உடையல போல. ஆனா இந்தப் பில்டரைப் பாரு, டீ வடிகட்டியில சக்கை அடைச்ச மாதிரி இருக்கு. இதுக்குள்ள எண்ணெய் எப்படி ஏறும்?"

"அப்ப பில்டரை மாத்துங்க. சரியான எண்ணெய ஊத்துங்க. அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்னு நீ சொல்லுத."

பில்டரும் கேஸ்கட்டும் மதுரையிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வருகிறவரை கார் பட்டறையிலேயே நின்றது. சதாமுக்கு விஷயம் எட்டி, "குப்பையில காசைக் கொட்டுதியே" என்று குதித்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆளிடம் பேசிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வண்டியைப் பார்க்க வருவதாகவும் சொன்னான். வந்தால் டீ குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள் கமர் நிஷா.

சாமான் வந்தது. தட்டைக் கழுவித் துடைத்து, புதுப் பில்டர் மாட்டி, சிவப்பு எண்ணெய் ஊற்றினார்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை ஒவ்வொரு இடமாகப் பைய நகர்த்தி நிறுத்தி, சூடேறின பிறகு சமதளத்தில் அளவும் பார்த்தார்கள். எல்லாம் முறைப்படிதான். ரோட்டில் இறக்கி மிதித்தாள். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. வேகம் கூட்டினதும் பழையபடி எஞ்சின் உறுமியது, வண்டி வழுக்கியது.

பட்டறைக்குத் திரும்பி வந்து நிறுத்தினாள். சங்கிலிபூதத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அப்பவே சொன்னேம்லா தங்கச்சி. ஷோரூம்காரன் சொன்னதுதான் சரி போல. விட்டுரு."

அவள் இறங்கி, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினாள். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை, பழுப்பு. முகர்ந்தாள். அதே நாற்றம், கொஞ்சம் குறைவாக.

"அண்ணாச்சி, அன்னைக்கு அம்புட்டையும் வடிச்சாச்சா?"

"தட்டுல உள்ளது பூரா வடிச்சாச்சு. மேல எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல கன்வர்ட்டருன்னு ஒரு உருளை இருக்கு, அதுக்குள்ள பாதிக்குப் பாதி நிக்கத்தான் செய்யும். அது வடியாது."

"அப்ப பாதி விஷம் உள்ளயே கிடக்கு. அதைச் சொல்லாம விட்டுருன்னு சொல்லுதீயளே!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "கறுப்புத் துணி வாங்கிட்டு வந்தா நான் தைக்கதுக்கு முன்ன அலசுவேன். மொதத் தண்ணி மை மாதிரி வரும். ரெண்டாந்தண்ணி கலங்கலா வரும். தண்ணி தெளியுத மட்டும் அலசுவேன். மொதத் தண்ணியப் பாத்துட்டு, ஐயோ சாயம் போவுதேன்னு துணியத் தூரவா போடுதாவ? வடிங்க இதை. மறுபடியும் ஊத்துவோம். அதுவும் கலங்கினா அதையும் வடிப்போம்."

"எண்ணெய் என்ன வெல விக்குதுன்னு தெரியுமா?"

"என் கால் என்ன வெல விக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சங்கிலிபூதத்தான் ஸ்பேனரை எடுத்தார். வடித்தார்கள், ஊற்றினார்கள், ஓட்டினார்கள். திரும்பவும் வடித்தார்கள். இரண்டாம் தடவை வந்தது செம்பழுப்பு. அடுத்த தடவை வந்தது சிவப்பு. பட்டறைக்காரருக்கே ரோஷம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தையும் மறந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வண்டியைத் தூத்துக்குடி ரோட்டில் விட்டாள். மிதித்தாள். முதல் கியர், இரண்டு, மூன்று, நாலு. எப்போது மாறியது என்று தெரியாமல் மாறியது. அவள் கால் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு வண்டி போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கிலிபூதத்தான், "அட, பிடிச்சிட்டே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். கமர் நிஷா வாய்விட்டுச் சிரித்தாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

அவரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் நாற்காலி போட்டு, கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார் பாளையங்கோட்டைக்காரர். வண்டி நின்றதும் எழுந்து வந்து டயரை உதைத்துப் பார்த்தார். அந்த உதை கமர் நிஷாவுக்குத் தன்மேல் விழுந்த மாதிரி இருந்தது.

"சத்தமே இல்லாம வருது! சரியாயிட்டா லாத்தா?" சதாமுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்லதாப் போச்சு. இந்த நிலையில கொடுத்தாத்தான் மரியாதை. நான் அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்கு ஆரோடது?"

"என்னோடதுதான்."

"வண்டி?"

சதாம் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"வாக்கு உன்னோடதுல்லா. அவருக்கு வேணும்னா அதை ஓட்டிட்டுப் போகட்டும்."

பாளையங்கோட்டைக்காரர் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். உள்ளேயிருந்து உம்மா, "வெளியாளு முன்னால தம்பிய அப்படிப் பேசாத" என்றாள். வெளியாளைக் கூட்டிக்கொண்டு வந்ததே தம்பிதான் என்று பதில் போனது.

சதாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எனக்காகவா சொல்லுதேன்? நாளைக்கு நடுக்காட்டுல வண்டி நின்னுட்டா? நான் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கேன். நீ அந்தக் காலை வச்சுக்கிட்டு ஒத்தையில நிப்ப. எனக்கு அங்கன தூக்கம் வருமா?"

அதைக் கேட்டு அவளுக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் சாவி கையை விட்டுப் போய்விடும் என்று தெரியும்.

"நின்னா நிக்கட்டும் லே. நானும் கூட நிப்பேன். நின்ன வண்டிய இப்ப ஓட வச்சிருக்கது ஆரு? நீ ஊத்துனது உன் லாரிக்கு ஊத்துத எண்ணெய். அதாலதான் வண்டி பாலத்துல நின்னுச்சு. நீ ஆசையா ஊத்துன, நான் ஆசையா வாங்கிக்கிட்டேன், அது முடிஞ்சு போச்சு. அதுக்காவ உன்னைய ஏசல. ஆனா என் காலுக்கு நீ வெல பேசுததை மட்டும் பொறுக்க மாட்டேன்."

"கியர் ஆயிலுன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. சின்னப் பிள்ளையில் பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்பானே, அப்படி நின்றான்.

கமர் நிஷா உள்ளே போய், புதிதாகத் தைத்து வைத்திருந்த புர்காக்களை மூட்டையாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். பாளையங்கோட்டைக்காரர் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றாள். முன்சீட்டில் மூட்டையை ஏற்றி, பெல்ட்டை அதற்குக் குறுக்கே மாட்டினாள். சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

"ஜவுளிக்கடையில போட்டியே, அந்தச் சரக்கைத் திருப்பி எடுக்கணும்" என்றாள். "வாரியா?"

சதாம் விருந்தாளியைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். பழக்கத்தில் முன்கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"அங்கன துணி இருக்கு" என்றாள் கமர் நிஷா. "பின்னால ஏறு."

பாலைவனத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினான்.